தலைகீழ் மலையில் மூன்று நாட்கள்

மலையேறப் புறப்படுவோனுக்கு இயற்கை ஒரு சலுகை வழங்கியிருக்கிறது. பாதி வழியிற் களைத்தானாயின் அவன் திரும்பி இறங்கிவிடலாம். தன் வலிமையைக் கூடுதலாக மதித்தவனையும் மலை பெரும்பாலும் மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, கொலராடோ ஆறு அகழ்ந்து வைத்திருக்கும் கிராண்ட் கன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கிலே இந்தச் சலுகை கிடையாது. அங்கே இறக்கம் முதலில் வருகின்றது. ஏற்றம் பின்னர் வருகின்றது. காலைக் குளிர்ச்சியில், உண்ட உணவின் தெம்பில், பாதை நம்மைத் தானாகவே கீழே அழைத்துச் செல்லும். களைப்பை உணரும் வேளையிலோ வெயில் உச்சிக்கு வந்திருக்கும். போத்தலில் நீர் வற்றியிருக்கும். ஏறவேண்டிய மலை முழுவதும் தலைக்கு மேலே நிற்கும். இறங்குவது உங்கள் விருப்பம், ஏறுவது கட்டாயம் என்று அங்குள்ள வனக்காவலர்கள் வருவோர் போவோர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இதனாலேதான்.

அமெரிக்காவுக்கு உறவினரைக் காணவும் கல்வி கற்கவும் செல்லும் நம்மவர் பலர் இப்பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று, படமெடுத்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவர். அதுவும் குறைவான காட்சியன்று. 277 மைல் நீளம், சில இடங்களில் 18 மைல் அகலம், 1 மைலுக்கு மேற்பட்ட ஆழம் என்று கணக்குச் சொல்வர். ஆயினும் அடியில் ஓர் இரவேனும் தங்கியவர்களுக்கே அந்த ஆழத்தின் பொருள் விளங்கும். மலைநடையிற் பழகாதவர்களும் மூன்று நாட்களில் இதனைச் செய்து முடிக்கலாம். எவ்வாறு என்பதை, நாம் நால்வர் ஓர் ஒக்டோபர் மாதத்தில் இறங்கி ஏறிய அனுபவத்தைக் கொண்டு எழுதுகின்றோம். நால்வருள் இருவர் அதற்கு முன் கூடாரத்தில் ஓரிரவும் உறங்கியறியாதவர்கள்.

முதலிலே காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் முன்னோர் நிலங்களை வகுத்தபோது பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கினாரில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றனர். கிராண்ட் கன்யனின் தென் விளிம்பிலிருந்து ஏழு மைல் இறங்கினால் அவ்விலக்கணம் கண்ணெதிரே நிகழக் காணலாம். விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கின்றது. அங்கே பைன் மரக் காடு. மாரியில் பனி கொட்டும். அடியிலோ கள்ளியும் முட்செடியும் சுடுபாறையும். ஒவ்வோர் 1,000 அடி இறக்கத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய 3 பாகை செல்சியஸ் உயர்கின்றது. கோடையில் அடிப்பகுதியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களைப் புதியவர்கள் மறந்துவிடுவதே நன்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை பாதையின் மேற்பகுதியில் பனி உறைந்து வழுக்கும். மார்ச் பிற்பகுதி முதல் மே முற்பகுதி வரையும், செப்டெம்பர் கடைசி முதல் நவம்பர் முற்பகுதி வரையும் தகுந்த காலம். அப்பொழுதுங்கூட விளிம்பில் கம்பளிச் சட்டையோடு நடுங்கிப் புறப்பட்டவன் நண்பகலில் அடியில் வியர்த்து நிற்பான். இரண்டுக்கும் ஆயத்தமாகச் செல்லவேண்டும்.

இப்பள்ளத்தாக்கைக் கண்ட முதல் ஐரோப்பியர் 1540ஆம் ஆண்டில் வந்த ஸ்பானியர். கார்சியா லோப்பஸ் தெ கார்தெனாஸ் என்பவன் தலைமையில் வந்த அச்சிறு படைக்கு ஹோப்பி இன மக்கள் வழிகாட்டினர். விளிம்பிலிருந்து பார்த்தபோது ஆறு சிறு ஓடைபோலத் தோன்றியது. படையிலே சுறுசுறுப்புமிக்க மூவர் இறங்கிச் சென்றனர். மாலையில் திரும்பி வந்த அவர்கள், ஆழத்தில் மூன்றிலொரு பங்குதான் இறங்க முடிந்தது என்றனர். மேலிருந்து ஆளுயரமாகத் தோன்றிய பாறைகள் அருகே சென்றபோது செவில் நகரத்துப் பெருங் கோபுரத்திலும் உயர்ந்தவையாக இருந்தன என்றனர். இவர்களைத் தோல்வியுற்றோராக எழுதும் நூல்கள் உண்டு. நாமோ அம்மூவரையும் மெச்சுகின்றோம். கண் தம்மை ஏமாற்றுகின்றது என்பதை அவர்கள் பொழுதிருக்கும்போதே அறிந்து திரும்பினர். அங்கே காற்று தெளிவாக இருப்பதனாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீடோ மனிதனோ இல்லாமையாலும், தூரம் எப்பொழுதும் குறைந்தே தோன்றும். இன்றும் ஆற்றைக் கண்டவர்கள், இதோ அருகில்தானே இருக்கின்றது என்று இறங்கத் தொடங்குகிறார்கள்.

1996ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வாறு இறங்கியோருள் சிலர் வெப்பத்தால் மாண்டனர். அதன் பின்னர், 1997ஆம் ஆண்டு முதல், காவலர்களும் தொண்டர்களும் பாதைகளில் நின்று, இறங்குவோரோடு பேசி, ஆபத்து நேருமுன்னரே தடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. மாண்டவர்களும் மீட்கப்பட்டவர்களும் முதியவர்களும் நோயாளிகளுமே என்று எண்ணலாகாது. இளைஞரும், உடல் வலிமை மிக்கவரும், ஓட்டத்திற் பழகியவருங்கூட அவர்களுள் உண்டு. வலிமை மிக்கவன் அதிக தூரம் இறங்கிவிடுகிறான் என்பதே காரணம்.

ஆகையினால் நாம் திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வகுத்தோம். தென் விளிம்பிலிருந்து ஆற்றுக்குச் செல்லும் நல்ல பாதைகள் இரண்டு. தென் கைபாப் பாதை 7 மைல், செங்குத்தானது, நிழல் அரிது, வழியில் ஒரு சொட்டு நீரும் இல்லை. பிரைட் ஏஞ்சல் பாதை ஏறக்குறைய 9½ மைல். சாய்வு சற்றுக் குறைவு. நடுவழியிலே நீரும் மரமும் உண்டு. இறங்குவதற்கு முன்னதையும் ஏறுவதற்குப் பின்னதையும் கொள்வதே முறை. ஏற்றம் மொத்தம் 4,300 அடிக்கு மேல். அதனை ஒரே நாளில் முடிக்கப் புதியவர்கள் முயலவேண்டியதில்லை. ஆற்றங்கரையிலிருந்து 5 மைலில், ஏறக்குறைய 1,300 அடி உயரத்தில், ஹவசுப்பாய்த் தோட்டம் என்னும் தங்குமிடம் உண்டு. அங்கே ஓரிரவு தங்கினால் மீதி 4½ மைலையும் 3,000 அடியையும் மறுநாட் காலைக் குளிர்ச்சியிலே முடித்துவிடலாம். இத்தங்குமிடத்தைத் திட்டத்திற் சேர்த்தபோதே நமக்கிருந்த அச்சத்திற் பாதி நீங்கிற்று.

கீழே இரவு தங்குவதற்குப் பூங்கா அலுவலகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். பயணம் செய்யும் மாதத்துக்கு ஏறக்குறைய நான்கு மாதம் முன்னரே இணையவழி விண்ணப்பித்துக் குலுக்கலிற் சேரவேண்டும். விரும்புவோர் பலர், இடமோ சில. ஒரே நாளை மட்டும் குறித்துப் பிடிவாதமாக நிற்பவர்க்குக் கிடைப்பது அரிது. அனுமதி கிடைத்த பின்னரும், புறப்படுமுன் பாதைகள் திறந்திருக்கின்றனவா, குழாய்களில் நீர் வருகின்றதா என்று விசாரித்தல் அவசியம். வடபுறத்து ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கின் குறுக்கே நீரைக் கொணரும் பழைய குழாய் அடிக்கடி உடைவதுண்டு. அதனால் ஓடை நீரைத் தூய்மையாக்கும் வடிகட்டியோ மாத்திரையோ ஒவ்வொருவரும் கொண்டுசெல்லல் நன்று.

இனி மூட்டை. இதிலே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்றே: நான்கு பேர் நான்கு கத்தி, நான்கு அடுப்பு, நான்கு மருந்துப் பெட்டி கொண்டு வருவர். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் நாம் எல்லாப் பொருள்களையும் தரையிலே பரப்பி, இரட்டித்தவற்றை அகற்றினோம். தராசில் நிறுத்தபோது நீர் உட்பட எவருடைய மூட்டையும் 14 கிலோவுக்கு மேற்படவில்லை. தம் உடல் எடையில் நாலிலொரு பங்கை எவரும் தாண்டலாகாது. நீர் 1 லீற்றர் 1 கிலோ. மூன்று லீற்றரை அதிலே குறைக்க முடியாது. ஆதலால் மற்றவையே குறையவேண்டும். விறகு மூட்டித் தீ வளர்ப்பதற்கு அங்கே அனுமதியில்லை. சிறிய வாயு அடுப்பொன்று நால்வருக்குப் போதும். விமானத்தில் வாயுக் கலத்தைக் கொண்டுசெல்ல விடமாட்டார்கள். அருகிலுள்ள பிளாக்ஸ்ராவ் நகரத்தில் வாங்கிக்கொள்ளலாம். சப்பாத்து புதியதாக இருக்கலாகாது. பல வாரம் அணிந்து காலுக்குப் பழகியதாக இருக்கவேண்டும். கால் நகங்களை முதல் நாளே ஒட்ட வெட்டிவிடவேண்டும். அற்பமான விஷயம் என்று வாசகர்கள் சிரிக்கலாம். ஏழு மைல் இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் விரல் நுனி சப்பாத்தில் மோதும்போது அதன் அருமை தெரியும். ஊன்றுகோல் இரண்டிருந்தால் முழங்கால் வாழ்த்தும். முன்பயிற்சிக்கு மலை வேண்டுமென்பதில்லை. மாடிப் படிகளை மூட்டையோடு ஏறி இறங்கினாலே போதும். நாம் ஆறு வாரம் அவ்வாறு செய்தோம். அயலார் நம்மைப் பற்றி என்ன எண்ணினர் என்பதைக் கேளாதிருப்பதே நலம்.

உணவைப் பற்றிக் கூறும்போது ஓர் உண்மையை வற்புறுத்தவேண்டும். பாலையிலே நீர் குடித்தால் மட்டும் உயிர் தங்கிவிடாது. வியர்வையோடு உப்பும் வெளியேறுகின்றது. உப்பை ஈடு செய்யாமல் லீற்றர் லீற்றராக நீரை மட்டும் பருகினால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து, தலையிடியும் வாந்தியும் அறிவுத் தடுமாற்றமும் உண்டாகும். வெப்ப நோயைப் போலவே தோன்றும் இக்கேட்டுக்கு மேலும் நீர் கொடுத்தால் நிலை மோசமாகும். ஆகவே ஒவ்வோர் அரை மணிக்கும் சிறிது நீர். அதனுடன் உப்பிட்ட கச்சான், பிஸ்கற், முந்திரிகை வற்றல் என்று ஏதாவது ஒரு பிடி. பசியில்லை என்பது காரணமாகாது. வெப்பத்தில் முதலிற் கெடுவது பசிதான்.

தென் கைபாப் பாதையின் தலைப்புக்குத் தனியார் மோட்டார் வண்டிகள் செல்ல விடுவதில்லை. விடியுமுன் புறப்படும் பஸ்ஸில் ஏறிச் சென்றோம். பாதை மலைத்தோளின் மீதே செல்வதனால் இருபுறமும் காட்சி திறந்து கிடக்கின்றது. காலடியில் முதலில் மிதிபடுவது 27 கோடி ஆண்டுக்கு முற்பட்ட சுண்ணாம்புப் பாறை. அதிலே கடற் சிப்பிகளின் பதிவுகள் உண்டு. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், 7,000 அடி உயரத்தில், சிப்பி! மூன்றாம் மைலில்தான் ஆறு முதன்முறை கண்ணிற் படுகின்றது. அங்கிருந்து கீழே பாறைகள் சிவந்து, பழுத்து, இறுதியில் கருமையாகின்றன. அடியிலுள்ள கரும்பாறை 170 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது. வழியிலே பொதி சுமந்த கோவேறு கழுதைகள் வரும். அப்பொழுது பாதையின் மலைப்பக்கமாக ஒதுங்கி அசையாது நிற்கவேண்டும். பள்ளப் பக்கத்தில் நிற்கலாகாது. நம்முள் மெதுவாக நடப்பவரையே முன்னே விட்டோம். அதனால் ஐந்து மணி நேரம் ஆயிற்று, எவரும் பின்தங்கவில்லை.

சிறு சுரங்கமொன்றைக் கடந்தவுடன் கறுப்புப் பாலம் வருகின்றது. 1928ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தொங்குபாலம் இது. இதனைத் தாங்கும் பெருவடங்கள் ஒவ்வொன்றும் 500 அடிக்கு மேல் நீளமும் ஏறக்குறைய 1 தொன் எடையும் கொண்டவை. கழுதைகளின் முதுகில் ஏற்ற முடியாத அவ்வடங்களை, பெரும்பாலும் ஹவசுப்பாய் இனத்தவரான 42 பேர், வரிசையாக நின்று தோளிற் சுமந்து, நாம் இறங்கிய இதே பாதையால் இறக்கினர். பதினான்கு கிலோவைச் சுமந்து அலுத்துக்கொண்ட நாம் அங்கே சிறிது நேரம் பேசாதிருந்தோம்.

பாலத்துக்கு அப்பால், பிரைட் ஏஞ்சல் ஓடையின் கரையிலே கூடாரம் அமைத்தோம். சட்டையை ஓடையில் நனைத்து உடுத்திக்கொண்டால், ஈரம் உலரும்வரை உடல் குளிர்ந்திருக்கும். பாலையில் இதனிலும் மலிவான மருத்துவம் இல்லை. உணவை அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டியிற் பூட்டிவைக்கவேண்டும். அணில்கள் பையைக் கடித்துத் துளைத்துவிடும். அவற்றின்மீது இரக்கப்பட்டுத் தீனி கொடுப்போரின் விரலையும் கடிக்கும். காலையில் சப்பாத்தை உதறி, தேள் இல்லையென்று கண்டே அணியவேண்டும். சிறிது தொலைவில் 1922ஆம் ஆண்டில் எழுந்த பாண்டம் ராஞ்ச் என்னும் விடுதி உண்டு. அது திறந்திருக்கும் காலங்களில் அஞ்சலட்டை எழுதிப் போடலாம். கழுதையின் முதுகில் ஏறியே அது விளிம்பை அடையும்.

இரண்டாம் நாள் ஐந்து மைல்தானே என்று படுத்திருக்கலாகாது. விடியலிற் புறப்பட்டு, குடிநீர்க் குழாயைத் தாங்கிச் செல்லும் வெள்ளிப் பாலத்தின் வழியாக ஆற்றைக் கடந்தோம். பின்னர் பிசாசின் திருகாணி என்று பொருள்படும் பெயருடைய வளைவுகள். வெயில் ஏறிய பின் அப்பெயரின் நியாயம் விளங்கும். நாம் எட்டு மணிக்கெல்லாம் அவற்றைக் கடந்துவிட்டோம்.

ஹவசுப்பாய்த் தோட்டத்தை அடைபவர்கள் முதலில் இலைகளின் ஓசையைக் கேட்கிறார்கள். கொட்டன்வுட் என்னும் உயர்ந்த மரங்கள் ஓர் ஓடையைச் சூழ்ந்து நிற்கின்றன. நீலப் பச்சை நீரின் மக்கள் என்பது ஹவசுப்பாய் என்னும் பெயரின் பொருள். இவ்வோடையருகே தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். இப்பகுதி பூங்காவான பின்னர் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். கடைசியாக இங்கு எஞ்சியிருந்தவரும் 1928ஆம் ஆண்டிலே அகற்றப்பட்டார். பாலத்து வடங்கள் ஆற்றை அடைந்ததும் அதே காலத்தில்தான். இந்தியத் தோட்டம் என்று நெடுங்காலம் வழங்கிய இவ்விடத்தின் பெயர், அம்மக்களின் வேண்டுகோளால் 2022ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. பெயர் மட்டுமே திரும்பியிருக்கின்றது. அவர்கள் மேற்கே வேறொரு கிளைப் பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். பயணி இங்கே தன் குப்பையைத் தானே சுமந்து செல்லவேண்டும், மலங்கழித்த காகிதத்தைக்கூட விட்டுச் செல்லலாகாது என்ற விதிகளை நாம் அந்நிழலில் அமர்ந்து நினைத்தபோது அவை மிகையாகத் தோன்றவில்லை.

மாலையில் மூட்டையின்றி ஒன்றரை மைல் நடந்து பீடபூமி முனைக்குச் சென்றோம். ஆறு 1,300 அடி கீழே ஓடியது. அங்கே ஒருவர் தொலைவிற் கருத்த மேகமொன்றைச் சுட்டினார். ஒக்டோபராதலால் நாம் அஞ்சவில்லை. ஆயினும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள இடிமழைக் காலத்தில் அத்தகைய மேகத்தை எவரும் அலட்சியம் செய்யலாகாது. இதே மாநிலத்தின் ஆன்டிலோப் கன்யன் என்னும் ஒடுங்கிய பிளவினுள் 1997 ஓகஸ்ட் 12ஆந் திகதி நின்றவர்களின் தலைமேல் மழை பெய்யவில்லை. பல மைலுக்கப்பாற் பெய்த மழை வெள்ளமாக வந்து 11 பேரைக் கொண்டுசென்றது. பாறை நீரை உறிஞ்சாது. விழுந்த துளியெல்லாம் பிளவை நோக்கியே ஓடும். மழைக் காலத்தில் ஒடுங்கிய பிளவுகளினுள் நுழைவதும் ஓடைப் படுகையிற் கூடாரமடிப்பதும் கூடாது.

மூன்றாம் நாள் நாலே முக்கால் மணிக்கு, நெற்றி விளக்கின் ஒளியில் ஏறத் தொடங்கினோம். மணிக்கு ஒரு மைல் என்பதே நம் கணக்கு. பேசிக்கொண்டே ஏறமுடியாத வேகம் அதிவேகம் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் அமர்ந்து, கால்களைப் பாறைமேல் உயர்த்தி வைத்தோம். மூன்று மைல் மண்டபத்தை அடைந்தபோது கிழக்குச் சுவர் சிவந்தது.

எட்டு மணியளவில் ஒரு தந்தையும் பத்து வயது மதிக்கத்தக்க மகனும் எதிரே விரைந்து இறங்கி வந்தனர். இருவருக்கும் ஒரு சிறு போத்தல். ஆற்றைத் தொட்டுவிட்டு மாலையில் திரும்புவதாகத் தந்தை சொன்னார். அங்கு நின்ற தொண்டர் அம்மையார் தடுக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. காலையில் என்ன உண்டீர்கள், எவ்வளவு நீர் வைத்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள் என்று நலம் விசாரிப்பவர்போலக் கேட்டார். பின், இதோ இவர்கள் ஆற்றிலிருந்து வருகிறார்கள், எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள் என நம்மைக் காட்டினார். மூன்று நாள் என்றோம். தந்தை நம் மூட்டைகளைப் பார்த்தார்; தம் போத்தலைப் பார்த்தார்; சிறிது வெட்கமும் சிறிது சினமும் அவர் முகத்தில் தோன்றின. மகன் மட்டும் நம் மூட்டையில் தொங்கிய சமையற் பாத்திரத்தைத் தட்டி, இதிலே என்ன சமைத்தீர்கள் என்று வினவினான். சோறு என்றோம். அவன் நம்பவில்லை.

இருவரும் நம்முடனே திரும்பி ஏறினர். ஒன்றரை மைல் மண்டபத்தில் அவர்களுடைய போத்தல் வெறுமையாயிற்று. நம் நீரில் ஒரு பங்கு அவர்களுக்கு ஊற்றினோம். அதன்பின் சிறுவன் நம்மை முந்திக்கொண்டு ஓடினான். ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து நம் வரவை எண்ணினான். பத்தரை மணிக்கு விளிம்பை அடைந்து மூட்டைகளை இறக்கினோம். நால்வரின் போத்தல்களிலும் சேர்த்து இன்னும் ஒன்றரை லீற்றர் நீர் இருந்தது.